அணியில் நான்தான் மெதுவான ஆள்: அட்வெஞ்சர் ரேஸுக்கு எவ்வளவு பயிற்சி போதும்?

"நாங்கள் நால்வர். ஆறு மாதத்தில் எங்கள் முதல் 24 மணி நேர அட்வெஞ்சர் ரேஸ். மற்ற மூன்று பேரும் மாரத்தான் ஓடுகிறவர்கள். நான் 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதில்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தால் அவர்களுக்கு ஈடுகொடுக்கலாம்? என்னால் அணி தோற்றுவிடக் கூடாது." இதுதான் நீங்கள் எழுதியது. இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: ஏற்கெனவே ஓரளவு ஓடுகிற ஒருவர் வாரம் எட்டிலிருந்து பத்து மணி நேரம் என்று ஆறு மாதம் விடாமல் செய்தால், 24 மணி நேர ரேஸை முடிக்கப் போதும். ஆனால் நீங்கள் நிஜமாகக் கேட்க வந்தது கடைசி வரியில் இருக்கிறது. மெதுவான ஆள் அணியை எவ்வளவு பின்னுக்கு இழுப்பார், அதைக் குறைக்க என்ன வழி? அதற்குத்தான் இந்த நீளமான பதில்.

நான் பல வருடங்களாக என் அணியில் மேப் பார்க்கும் ஆள். ஓடாத ரேஸ்களில் டிரான்சிஷன் பகுதியில், அதாவது நடையிலிருந்து சைக்கிளுக்கோ படகுக்கோ அணிகள் மாறும் இடத்தில், தன்னார்வலராக நிற்பேன். அணிகள் எங்கே நேரத்தைத் தொலைக்கின்றன என்பதை ஓடும்போது பார்த்ததைவிட அங்கே நின்று பார்த்ததுதான் அதிகம். நான் மருத்துவர் இல்லை, கயிறு வேலை (பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறுவது, இறங்குவது) சொல்லிக்கொடுக்கும் தகுதியும் எனக்கு இல்லை. அந்த இரண்டு இடங்களிலும் பொதுவாகத் தெரிந்ததோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் இந்த விளையாட்டின் அடிப்படை விதி. நடை, மவுண்டன் பைக், கயாக், இடையிடையே கயிறு. வழி குறித்துக் கொடுக்கப்படாது. மேப்பில் செக்பாயின்ட்கள் (அணி போய்த் தொடவேண்டிய இடங்கள்) மட்டும் இருக்கும், எந்த வழியாகப் போவது என்பது அணியின் முடிவு. ஜி.பி.எஸ். பெரும்பாலான ரேஸ்களில் தடை. எல்லாவற்றுக்கும் மேலாக, அணி சேர்ந்தே போக வேண்டும். ஒருவருக்கொருவர் 50 மீட்டர், 100 மீட்டர் என்று அமைப்பாளர் சொல்லும் தூரத்துக்குள் இருந்தாக வேண்டும். ஒருவர் விலகினால் அணி தரவரிசையிலிருந்து வெளியே. 1989-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜெரார் ஃபூசில் நியூசிலாந்தில் நடத்திய முதல் ரெய்ட் கோலுவாஸ் ரேஸ் காலத்திலிருந்தே ஆண்களும் பெண்களும் கலந்த அணி, சேர்ந்து முடிக்கும் அணி என்பதுதான் இதன் அடையாளம். ஆகவே நால்வரில் யார் வேகமானவர் என்பதற்கு ரேஸில் தனியாக மதிப்பெண் கிடையாது.

இப்போது ஒரு கணக்கு. 2019-இல் ஃபிஜியில் நடந்த எக்கோ-சேலஞ்ச் என்ற பலநாள் ரேஸில் 66 அணிகள், 671 கிலோமீட்டர். வென்ற நியூசிலாந்து அணி ஆறு நாளுக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டது. வகுத்துப் பாருங்கள்: மணிக்கு ஐந்து கிலோமீட்டர்கூட வரவில்லை. சைக்கிள், படகு, ஏற்றம், தூக்கம் எல்லாம் சேர்ந்த சராசரிதான் இது. இருந்தாலும் உலகின் மிகச் சிறந்த அணியின் சராசரி ஒரு வேகமான நடையின் வேகம்தான். அந்த வேகத்தை நாட்கணக்கில் விடாமல் பிடிப்பதில்தான் அவர்களின் திறமை இருக்கிறது.

உங்கள் ரேஸுக்கே வருவோம். 24 மணி நேரத்தில் நடைப் பகுதி மொத்தம் 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காட்டிலும் மேட்டிலும் மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் ஆறு மணி நேரம். கடுமையாகப் பயிற்சி செய்து அதை 5.5 ஆக்கினால் மிச்சமாவது சுமார் 33 நிமிடம். சரி, இன்னொரு பக்கம் பாருங்கள். அரை மணிக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் ஜாக்கெட்டைக் கழற்ற, ஷூ லேஸ் கட்ட, பையிலிருந்து ஏதோ எடுக்க என்று மூன்று நிமிடம் அணியை நிறுத்தினால், 24 மணி நேரத்தில் 2 மணி 24 நிமிடம் போய்விடும். அதில் ஒரு நிமிடம்கூட உங்கள் கால் வேகத்தைச் சார்ந்ததில்லை. புதிய அணிகளில் இப்படி நிற்கும் நேரம் இதைவிட அதிகம் என்பதுதான் நான் கண்டது.

அதனால் நீங்கள் ஓட்டத்தைக் கவனிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 20 மணி நேரத்துக்கு மேல் அசைந்துகொண்டே இருக்க உடம்பு பழக வேண்டும். எட்டு, பத்து மணி நேரத்தில் பெரும்பகுதி பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் மேட்டில் மூச்சு வாங்கப் போனால் போதும். ரேஸ் அன்று கட்டவேண்டிய பையை முதுகில் கட்டிப் பழகுங்கள், வெறும் கையோடு ஓடிப் பழகி அன்றைக்கு ஐந்தாறு கிலோ பையோடு ஓடுவது வேறு வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சனி, ஞாயிறு இரண்டு நாளும் நீண்ட பயிற்சி வையுங்கள். முதல் நாள் களைப்போடு இரண்டாம் நாள் தொடங்குவதுதான் அதன் நோக்கம். இதெல்லாம் பயிற்சியாளர்களிடையே பெரிய சச்சரவு இல்லாத விஷயம். எத்தனை மணி நேரம் என்ற எண்ணிக்கை மட்டும் என் அனுபவக் கணிப்பு. ஆறு மணி நேரத்தில் தேறியவர்களும் உண்டு, பதினைந்து மணி நேரம் செய்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

மாரத்தான் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று இறக்கம். தொடைத் தசை நீண்டுகொண்டே எடை தாங்கும் வேலை அங்கேதான் நடக்கிறது; மறுநாள் படி இறங்க முடியாமல் வலிப்பது அதனால்தான். நல்ல செய்தி, ஒரு முறை இறக்கத்தில் நன்றாக ஓடி வலி கண்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அவ்வளவு வலிக்காது. இது ஆய்வுகளில் நன்கு நிரூபணமானது. ஆகவே மாதம் இரண்டு முறை நீளமான இறக்கம் வையுங்கள், கடைசியாகச் செய்வது ரேஸுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு இருக்கட்டும். இறக்கத்தில் உங்கள் மூன்று நண்பர்களை நீங்கள் முந்தினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

கயாக்கும் அப்படித்தான். ஓடுகிறவர்கள் கையால் மட்டும் துடுப்பை இழுப்பார்கள், ஒரு மணி நேரத்தில் முன்கை இறுகிவிடும். இழுவை உடம்பைத் திருப்புவதிலிருந்து வர வேண்டும். துடுப்பு போடும் பக்கத்துக் கால் படகின் மிதிகட்டையை அழுத்த வேண்டும். உங்கள் அணியில் இதுவரை யாரும் சரியாகக் கற்றிருக்காவிட்டால், நீங்கள் முந்திக்கொள்ளலாம். நான்கு பேரில் ஒருவர் துடுப்பில் கெட்டிக்காரராக இருந்தால் இரட்டைப் படகில் பின்னால் உட்கார்ந்து திசை பிடிப்பார், மற்றவர்கள் நிம்மதியாகத் துழாவலாம். இன்னொரு விஷயம், படகில் மூன்று மணி நேரம் நனைந்து உட்கார்ந்து எழுந்தால் உடம்பு குளிர்ந்து, கால் மரத்துப் போயிருக்கும். அடுத்த பத்து நிமிடம் யாராலும் ஓட முடியாது, மாரத்தான்காரர்களாலும்தான்.

இனி உங்கள் கேள்வியின் மையம். ஒரு மேட்டில் மூவர் முன்னால் போகிறார்கள், நீங்கள் 80 மீட்டர் பின்னால். அவர்கள் உச்சியில் நின்று, தண்ணீர் குடித்து, உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். நீங்கள் வந்து சேர்ந்ததும் "சரி, போகலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஓய்வு தேவையில்லாத மூவருக்கு ஓய்வு. தேவைப்படும் ஒருவருக்கு அது கிடைப்பதில்லை. இதே மாதிரி ஐந்து மேடு ஏறினால் மெதுவானவர் உடைந்துவிடுவார். புதிய அணிகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். வேகமானவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை, காத்திருப்பதையே உதவி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு அனுபவசாலி அணிகள் செய்வது எளிது. மெதுவானவரின் பையிலிருந்து எடையை எடுத்து வேகமானவரின் பையில் போடுவார்கள். கட்டாய உபகரணங்களில் அணிக்குப் பொதுவானவை (முதலுதவிப் பெட்டி, அவசரக் கூடாரம், கயிறு) எல்லாம் வலுவானவர்களிடம் போகும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் இழுவைக் கயிறு. இழுபடும் ரப்பர் கயிறு ஒன்றை இழுப்பவரின் பையில் கட்டி, மறுமுனையை நடப்பவரின் பையின் இடுப்பு வாரில் மாட்டுவது நடைக்கு. சைக்கிளில் முன்னால் போகிறவரின் சீட் கம்பியிலிருந்து பின்னால் வருகிறவரின் ஹேண்டில்பார் நடுப்பகுதிக்கு. ஏற்றத்திலும் சமதரையிலும் மட்டும். இறக்கத்திலும் கற்பாதையிலும் கழற்றிவிட வேண்டும். கையால் ஒரே இழுப்பில் கழலும்படி மாட்டியிருக்க வேண்டும், முடிச்சுப் போட்டு இறுக்கக் கூடாது.

இழுபடுவதும் பழக வேண்டிய ஒன்று. கயிறு தொய்ந்தால் முன்னவருக்கு ஒவ்வொரு முறையும் ஓர் உலுக்கல் விழும். லேசான இழுவை எப்போதும் இருக்கும்படி உங்கள் வேகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். சைக்கிளில் முன்சக்கரத்தைக் கயிறு தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "பிரேக்", "கழற்றுகிறேன்", "மேடு முடிகிறது" என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். வாரம் ஒரு முறை 20 நிமிடம் போதும், இரண்டு மாதத்தில் கைவந்துவிடும். உலக சாம்பியன்ஷிப் அளவில் ஓடுகிற அணிகளே கயிறு போட்டு இழுக்கின்றன, தொடக்கத்திலிருந்தே. அங்கே அது சாதாரணம். முதல் முறை ஓடும் அணிகளில்தான் கயிறு என்றாலே மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. கயிறு எத்தனை நிமிடம் மிச்சப்படுத்தும் என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் நம்ப வேண்டாம், அது நிலப்பரப்பையும் ஆட்களையும் பொறுத்தது. ஆனால் நால்வரின் வேக வித்தியாசத்தைக் குறைக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

நீங்கள் அணிக்குக் கொடுக்கக்கூடிய பெரிய உதவி, என் கருத்தில், மேப். எல்லா அணியிலும் ஒருவர் மேப் பார்ப்பார். இரண்டாவது ஆள் இருப்பது அபூர்வம். ரேஸின் பெரிய நேர இழப்புகள், அதாவது ஒரே இடத்தில் ஒன்றரை மணி, இரண்டு மணி என்று போவதெல்லாம், வழி தவறுவதால் வருபவை. 1:50,000 அளவு மேப்பில் 1 மில்லிமீட்டர் என்பது 50 மீட்டர். காம்பஸில் ஒரு டிகிரி பிசகினால் கிலோமீட்டருக்குச் சுமார் 17 மீட்டர் விலகுவீர்கள். அது பெரிதில்லை. பெரிய தவறுகள் மலைமுகட்டில் நடக்கும். கிளைமுகடுகள் எல்லாம் உச்சியை நோக்கிச் சேர்வதால் ஏறும்போது கொஞ்சம் தவறினாலும் உச்சிக்கே வந்துவிடலாம். இறங்கும்போது அதே கிளைமுகடுகள் பிரிந்து போகும். முதல் 100 மீட்டரில் தவறான கிளையைப் பிடித்தால் கீழே வேறு பள்ளத்தாக்கில் நிற்பீர்கள், திரும்ப ஏறியாக வேண்டும். ஆகவே உச்சியில், கிளம்பும் முன்பே, இறங்கவேண்டிய திசையைக் காம்பஸில் வைத்து இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அணியே இறங்கத் துடித்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் "இருங்க, திசையைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

கற்றுக்கொள்ள மலை எதுவும் வேண்டியதில்லை. சம உயரக் கோடுகள் உள்ள ஒரு மேப்பை எடுத்துக்கொண்டு தெரியாத இடத்தில் நடங்கள். கட்டைவிரலை மேப்பில் நீங்கள் நிற்கும் இடத்தில் வைத்து, நடக்க நடக்க நகர்த்துங்கள். போகிற திசைக்கு மேப்பைத் திருப்பிப் பிடியுங்கள். செக்பாயின்டை நேராகத் தேடாமல், அதற்கு முன்னால் தப்பவே முடியாத ஓர் அடையாளம், அதாவது ஓடை சேருமிடம், பாதை வளைவு போன்றது, முதலில் பிடியுங்கள். அங்கிருந்து கடைசி 200 மீட்டரை மட்டும் கவனமாக எண்ணிப் போங்கள். செக்பாயின்டைத் தாண்டிவிட்டால் எது சொல்லிக்கொடுக்கும் என்பதையும் முன்பே பார்த்து வைத்திருங்கள். நேரக் கணக்குக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேய்ஸ்மித் சொன்ன சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டரும் 600 மீட்டர் ஏற்றமும் என்றால் 2 மணி 12 நிமிடம். இரவிலும் புதரிலும் இது பொய்யாகும், அப்போது உங்கள் அணியின் சொந்த விகிதத்தைப் பயிற்சியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சூத்திரம் 40 நிமிடம் சொல்லி ஒரு மணி நேரம் ஆகியும் ஓடை வரவில்லை என்றால், நின்று யோசிக்க வேண்டிய நேரம் அதுதான். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பிப் போவது எப்போதும் கசப்பாகத்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலும் அதுதான் குறுக்குவழி.

அப்புறம், மேப் பார்ப்பவர் சாப்பிட மறப்பார். பேச்சு குறைந்து, மேப்பில் ஒரே இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கத் தொடங்கினால் அவருக்குப் பசி என்று அர்த்தம். யாராவது ஒருவர் பிரித்த பொட்டலத்தைக் கையில் திணிக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றித் தெளிவாகச் சொல்லக்கூடியது: மணிக்கு 200 முதல் 300 கலோரி என்பது தொடக்கக்காரருக்கு நல்ல இலக்கு, வயிற்றையும் பயிற்சியில் பழக்க வேண்டும், பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும். இனிப்பு மட்டும் எடுத்துப் போனால் பத்து மணி நேரத்துக்குப் பிறகு வாயில் வைக்க முடியாது. உப்பும் காரமும் உள்ள ஏதாவது இருக்கட்டும். தண்ணீரில் ஓர் எச்சரிக்கை. தாகத்துக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அதனால் நீண்டதூரப் போட்டிகளில் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. தாகத்துக்குக் குடியுங்கள் என்பதே 2015-இல் இதற்கென்று கூடிய சர்வதேச நிபுணர் குழுவின் அறிவுரை. உப்பு மாத்திரை போட்டுக்கொண்டு அளவுக்கு மீறிக் குடிப்பது பாதுகாப்பு இல்லை. ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகளை ரேஸ் நடுவே போடுவதும் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அதை உங்கள் மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள். ஆறு, சேறு உள்ள ரேஸ் என்றால் தொற்றைப் பற்றியும் கேளுங்கள். 2000-இல் மலேசியாவின் சபாவில் நடந்த எக்கோ-சேலஞ்சில் 304 பேர் ஓடினார்கள். பின்னர் விசாரணையில் தொடர்புகொள்ள முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சல் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதே காரணமாகத் தெரியவந்தது. ரேஸ் முடிந்து சில வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

பாதம். ஷூவுக்குள் ஓர் இடம் சூடாக உரசுவது தெரிந்த உடனே நின்று டேப் ஒட்டினால் மூன்று நிமிடம். விட்டுவிட்டால் கொப்புளம் உடைந்து, கடைசி ஆறு மணி நேரம் அணியே நொண்டி நடை. யார் சொல்லாமல் விடுவார் தெரியுமா? தான் மெதுவான ஆள் என்று ஏற்கெனவே கூசிக்கொண்டிருப்பவர். "என்னால் ஏற்கெனவே தாமதம், இதற்கு வேறு நிறுத்தச் சொல்லணுமா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார். டிரான்சிஷனில் ஷூவைக் கழற்றும்போது தோல் உரிந்து வருவதைப் பார்க்கும் அணித்தலைவரின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஏன் முன்னாடியே சொல்லலை?" நீங்கள் அணியைத் தோற்கடிக்கக்கூடிய ஒரே வழி இதுதான். பாதத்துக்குப் பவுடரா, கிரீஸா என்பதில் ஆளுக்கு ஆள் சத்தியம் செய்வார்கள். எனக்கு ஈரமான ரேஸில் கிரீஸ் ஒத்துவருகிறது, உங்கள் பாதம் வேறு சொல்லலாம், பயிற்சியில் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

அதனால் அணியில் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். "ஓகேவா?" என்ற கேள்வியைத் தடை செய்துவிடுங்கள், அதற்குப் பதில் எப்போதும் "ஓகே"தான். மணிக்கு ஒரு முறை யாராவது ஒருவர் "கடைசியா எப்போ சாப்பிட்டே? தண்ணி எவ்வளவு மிச்சம்? பாதம் எப்படி?" என்று நால்வரிடமும் கேட்கட்டும், வேகமானவரிடமும்தான். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒவ்வொருவரும் தன் நிலையைச் சொல்லட்டும். யார் நான்குக்குக் கீழே போகிறாரோ அவரிடமிருந்து எடை கைமாறும், விவாதம் கிடையாது. முதல் எட்டு மணி நேரம் குறைந்த எண் உங்களுடையதாக இருக்கலாம். விடியற்காலை மூன்று மணிக்கு அது யாருடையதாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேகமாக ஓடிப் பழகியவர்கள் பலர் அந்த நேரத்தில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவதையும், நாள் முழுக்க ஒரே நடையில் வந்தவர் அவர்களைக் கிளப்பிக் கூட்டிப்போவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரவு இரண்டிலிருந்து ஆறு மணி வரை உடல் வெப்பம் இறங்கி, தூக்கம் அழுத்தும் நேரம். 24 மணி நேர ரேஸில் பெரும்பாலும் யாரும் தூங்குவதில்லை. காபியை நள்ளிரவுக்குப் பிறகு என்று சேமித்து வைப்பதும், முந்தைய வாரம் கூடுதலாகத் தூங்குவதும் பலன் தருபவை. பலநாள் ரேஸில் முதல் இரவே தூங்கலாமா, இரண்டாம் இரவு வரை தள்ளலாமா என்பதில் வெற்றிபெற்ற அணிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, அதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். ஒன்று மட்டும் விதியாக வையுங்கள்: சைக்கிளில் யாருக்காவது கண் சொருகினால் அணி நிற்கும். பத்து, இருபது நிமிடத் தூக்கம் போதும், ஆனால் எழுந்த முதல் சில நிமிடங்கள் மூளை மந்தமாக இருக்கும், உடனே இறக்கத்தில் விடக் கூடாது.

டிரான்சிஷனைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் என் தன்னார்வலர் வேலைக்கு மரியாதை இல்லை. ஐந்து டிரான்சிஷன், ஒவ்வொன்றிலும் 20 நிமிடம் எடுக்கும் அணி அதை எட்டாகக் குறைத்தால் ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கிறது. பொருள்களைப் பகுதிவாரியாகத் தனித்தனிப் பைகளில் கட்டி, அவற்றை வைக்கும் பெட்டி மூடியின் உள்பக்கம் செய்யவேண்டிய வரிசையை எழுதி ஒட்டுங்கள்: ஈரச்சட்டை மாற்று, பாதம் துடை, தண்ணீர் நிரப்பு, உணவு எடு, ஹெட்லேம்ப் பேட்டரி பார், கிளம்பு. மூன்று பேர் ஹெல்மெட்டோடு சைக்கிளில் ஏறி நிற்க, நான்காவது ஆள் பெட்டிக்குள் தலையை விட்டு ஒரு கையுறையைத் தேடிக்கொண்டிருப்பது ஒவ்வொரு ரேஸிலும் உண்டு. கால் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டுத் தரையில் பெட்டியை வைத்து நேரம் பார்த்துப் பழகலாம். நீங்கள் முதலில் தயாராகும் ஆளாகிவிட்டால், மற்றவர்கள் எழுந்து நிற்பதற்குள் நடக்கத் தொடங்கலாம், அனுமதிக்கப்பட்ட தூரத்துக்குள்தான்.

கயிறு வேலையைத் தகுதியுள்ள பயிற்றுநரிடம் நேரில் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். இதில் எழுத்து உதவாது.

கடைசியாக அட்டவணை. மாதம் இரண்டு முறையாவது நால்வரும் சேர்ந்து பயிற்சி செய்யுங்கள், தனித்தனியாகச் செய்ததை வைத்து அணியை எடை போட முடியாது. முதல் சந்திப்பிலேயே குறிக்கோளைப் பேசிவிடுங்கள்: முடிப்பதா, இடம் பிடிப்பதா? ஒருவர் மனத்தில் ஒன்றும் இன்னொருவர் மனத்தில் மற்றொன்றும் இருந்தால் நள்ளிரவில் சண்டை நிச்சயம். ரேஸுக்கு ஆறு வாரம் முன்பு ஒரு 12 மணி நேரப் பயிற்சி வையுங்கள், மாலையில் தொடங்கி விடியும் வரை, மேப், சைக்கிள், முழு எடை, இழுவைக் கயிறு எல்லாவற்றோடும். இடையில் நின்ற ஒவ்வொரு நிமிடத்தையும் யாராவது எழுதி வையுங்கள். மறுநாள் தூங்கி எழுந்து அந்தப் பட்டியலை நால்வரும் சேர்ந்து பாருங்கள். உங்கள் கால் வேகத்தால் போன நேரம் அதில் எத்தனையாவது வரியில் வருகிறது என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள். அந்த இரவு முழுக்க மூவரும் உச்சியில் போய் நின்று காத்திருக்கத்தான் செய்தார்கள், கயிற்றை யாரும் வெளியே எடுக்கவே இல்லை என்றால், அதையும் அப்போதே பேசிவிடுங்கள். பழக்கத்தை மாற்ற ஆறு வாரம் போதும். மாற்ற மனமில்லை என்றால் வேறு அணி தேடவும் அப்போது நேரம் இருக்கும்.